அரைச் சுற்று

பர்டெல் வீட்டின் பின்சுவரில் எட்டு நாள் எரிவாயு கசிந்தது. அந்த எட்டு நாளும் அது கசியவில்லை என்பதற்கான ஆவணங்கள் ஒன்றுவிடாமல் இருக்கின்றன. தேதி, நேரம், கையொப்பம், உடன் சாட்சி எல்லாம் முறையாகப் பதிவாகியிருக்கின்றன.

வெளிப்புறச் சுடர் பாதுகாப்பு ஆணையம் எங்கள் பள்ளத்தாக்குக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன்பு, எங்கள் ஊர் மோர்வெல்லில் ஒருவர் தன் பார்பெக்யூ அடுப்பை வீட்டுக்குக் குழாயில் வரும் கேஸோடு இணைக்க விரும்பினால், உரிமம் உள்ள கேஸ் ஃபிட்டரைக் கூப்பிடுவார். ஃபிட்டர் வந்து குழாயை மாட்டுவார், சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார். குமிழி வரவில்லையென்றால் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டு, புது அடுப்பில் வெந்த முதல் சாசேஜைத் தின்றுவிட்டுப் போவார். இந்த ஏற்பாட்டில் அரசு செய்வதற்கு எதுவும் இல்லை என்று ஒரு குழு கண்டுபிடித்தது. அந்தக் குறையை நீக்கவே ஆணையம் அமைக்கப்பட்டது.

போன வருடம் ஆணையம் ‘சுடர்த் தயார் இல்லம்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்படி பான்க்ஷியா தெருவின் பதினோரு வீடுகளுக்கும் ஒரே நாளில் ஆட்கள் வந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லார் பின்சுவரிலும் ஓர் இணைப்பு முனையைப் பொருத்தினார்கள். முனை குழாயோடு சேரும் மூட்டில் இருந்த நட்டின் மேல் கம்பி கட்டி மஞ்சள் சீல் வைத்தார்கள். ஆணையத்தின் ஆளைத் தவிர வேறு எந்த ஃபிட்டர் அந்தச் சீலை உடைத்தாலும் உரிமம் பறிபோகும். பிறகு புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தெருவில் யாரும் அந்த முனையில் எதையும் மாட்டவில்லை. எல்லாரும் வழக்கம்போல சிலிண்டரிலேயே சுட்டுத் தின்றார்கள்.

இந்த ஜூலையில், எங்கள் பக்கக் குளிர்காலத்தில், நோயல் பர்டெல் ஓய்வு பெற்றார். முப்பத்தொரு வருடம் பால் டேங்கர் ஓட்டியவர். உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து நாலு பர்னர் பார்பெக்யூ ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். வீட்டு கேஸில் எரிவது. அப்படித்தான் பதினோரு முனைகளில் ஒன்றுக்கு முதல்முறையாக வேலை வந்தது.

நோயலைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். 1979இல் ஊர்க் கால்பந்து இரண்டாம் அணி இறுதி ஆட்டத்தில், பந்துக்கு எழும்பிய இடத்தில் எதிரணிக்காரன் முழங்கை அவர் மூக்கில் இறங்கியது. அதிலிருந்து அந்த மூக்கு மூச்சுவிடுவதற்கு மட்டும்தான். வாசனை எதுவும் ஏறாது. இரண்டாவது, அவர் நாளைக்கு ஏழு சிகரெட் பிடிப்பார். ஏழையும் பின்வாசல் படியில் உட்கார்ந்துதான் பிடிப்பார். அந்தப் படியிலிருந்து கையை நீட்டினால் ஆணையத்தின் இணைப்பு முனையைத் தொடலாம்.

வியாழக்கிழமை காலை கேஸ் ஃபிட்டர் ஸ்டாவ்ரோஸ் வந்தார். பள்ளத்தாக்கில் பாதி வீடுகளின் கேஸ் குழாய் அவர் கை பட்டது. அடுப்பை மாட்டினார், பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலக்கித் தெளித்தார், குனிந்து பார்த்தார். பிறகு நோயலின் மனைவியைக் கூப்பிட்டார்.

“க்ளெனிஸ், இங்க வா. இதப் பாரு.”

நட்டின் ஓரத்தில் திராட்சை அளவுக்கு ஒரு குமிழி உப்பி உடைந்தது. அடுத்தது உப்பியது.

“என்னது இது?”

“கசியுது. நான் மாட்டின இடத்துல இல்ல. அதுக்கு மேல, அவங்க மாட்டின இடத்துல. அடுப்பக் கழட்டினாலும் நிக்காது.”

“சரி, டைட் பண்ணிடேன்.”

“அரைச் சுத்து போதும். என் பேத்தி பண்ணிடுவா.” சீலை விரலால் தட்டிக் காட்டினார். “இத ஒடைச்சா என் லைசென்ஸ் போச்சு. அவங்க ஆளு வந்துதான் ஒடைக்கணும். மீட்டர மூடிட்டேன், ஃபோன் போடு. யோவ் நோயல், அந்த சிகரெட்ட அணை.”

“எதுக்கு? எனக்கு ஒரு நாத்தமும் வரலியே.”

“உனக்குப் பக்கத்துல மாடு செத்துக் கெடந்தாலும் வராது. அணைய்யா.”

க்ளெனிஸ் ஆணையத்துக்குத் தொலைபேசினார். கசிவைச் சந்தேகிப்பவர்கள் மூன்றையும், கசிவை அஞ்சுபவர்கள் நான்கையும் அழுத்தும்படி ஒரு குரல் சொன்னது. கசிவைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு எண் எதுவும் இல்லை. அவர் நான்கை அழுத்தினார்.

மறுநாள் ஆணையத்திலிருந்து ரோட்னி கல் என்பவர் வந்தார். ஒளிரும் மஞ்சள் மேலாடை, தலைக்கவசம், முழங்கால் கவசம். வண்டியைச் சுற்றி ஏழு கூம்புகளை வைத்தார். பிறகு கணவன் மனைவி இருவரையும் வாகனப் பாதையில் அரைவட்டமாக நிற்கச் சொன்னார். இரண்டு பேர் அரைவட்டமாக நிற்பது எப்படி என்று நோயல் கேட்டார். முயற்சி செய்யும்படி ரோட்னி கேட்டுக்கொண்டார்.

“எந்த வேலையையும் பாதுகாப்புப் பகிர்வோடதான் ஆரம்பிப்போம். போன வாரம் கடையில ஒரு திராட்சைய மிதிச்சு வழுக்கப் பாத்தேன். வழுக்கல. ஆனா வழுக்கியிருந்தா? அந்த எண்ணத்தோட ஒரு நிமிஷம் இருப்போம்.”

அந்த எண்ணத்தோடு ஒரு நிமிடம் இருந்தார்கள். பின்சுவர் மூட்டு அந்த ஒரு நிமிடத்தில் கசியவில்லை, ஏனென்றால் மீட்டர் மூடியிருந்தது.

அடுத்து, கொல்லைக்குள் நுழையும் தகுதி க்ளெனிஸுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. நாற்பது கேள்விகள். இருபத்தாறு வருடம் துணி காயப்போட்ட கொல்லை அது. முப்பத்தேழு மதிப்பெண் எடுத்தார். ‘வருகையாளர்’ என்று ஒரு வில்லை ஒட்டப்பட்டது. ஆபத்து நேர்ந்தால் எல்லாரும் கூடவேண்டிய இடமாக ரோட்னி துணிக்கொடிக் கம்பத்தைக் குறித்தார். அது அந்த மூட்டிலிருந்து நாலு எட்டு தூரம்.

“சரி, இப்ப வந்து பாருங்க,” என்றார் க்ளெனிஸ்.

“நான் பாக்குற ஆள் இல்லீங்க. நான் தகவல் வரவேற்பு. கசிவு பத்தின தகவல வரவேப்பேன். அதுக்கு மேல போனா இன்னொருத்தர் வேலைல கை வெச்ச மாதிரி ஆயிடும்.” பேசிக்கொண்டே மீட்டர் பக்கம் திரும்பியவர் திடுக்கிட்டார். “இத யாரு மூடினது?”

“ஸ்டாவ்ரோஸ். கசியுதுன்னு மூடினாரு.”

“அய்யய்யோ. இது விநியோகத் தடங்கல்ல வந்துடும். தடங்கலில்லாத நாள எண்ணறதுக்கு ஆபீஸ்ல தனிப் பலகை இருக்கு.” கைப்பிடியைத் திருப்பித் திறந்தார். அதன் மேல் கம்பி கட்டி மஞ்சள் சீல் வைத்தார்.

“ஏம்ப்பா, என்ன பண்ற? தெறந்து வெச்சு சீல் வெக்கிற?”

“கசியுதான்னு பாக்கணும்னா தெறந்திருக்கணும் இல்லீங்களா?”

“அப்ப பாரேன்!”

“திங்கக்கிழமை பிலிப்பா வருவாங்க. அதுவரைக்கும் இயல்பு நிலைய யாரும் கலைக்கக் கூடாது.”

கூம்புகளை வந்த வரிசையிலேயே எடுத்து அடுக்கிக்கொண்டு போனார்.

அந்த எரிவாயு காற்றைவிட லேசானது, மேலே ஏறும். மூட்டுக்கு நேர் மேலே இருப்பது படுக்கையறை ஜன்னல். க்ளெனிஸ் ஜன்னலை மூடி, இடுக்குகளில் துண்டைத் திணித்தார். முன்னறையில் தரையில் படுக்கை போட்டார். வீட்டிலிருந்த லைட்டர்களையும் தீப்பெட்டிகளையும் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினார். அடுப்பு பற்றவைக்கவில்லை, இரண்டு நாளும் ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும். சிகரெட் பிடிக்க நோயல் குளிரங்கியை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்துக்குப் போய்வந்தார்.

“ஒனக்கு ரொம்பத்தான் பயம், க்ளென்.”

“ஆமா. எனக்கு மூக்கு இருக்கு.”

“மறந்துபோய் படியில ஒக்காந்துட்டேன்னா?”

“அதுக்குத்தான் நான் தூங்காம இருக்கேன்.”

அது உண்மை. இருபத்தாறு வருடப் பழக்கம் அவரைத் தூக்கக் கலக்கத்திலும் அந்தப் படிக்குக் கொண்டுபோய்விடும். ஞாயிறு காலை அப்படியே போனார். சிகரெட் வாயில் இருந்தது, கை பையைத் தடவிக்கொண்டிருந்தது. பையில் எதுவும் இல்லாததால் மட்டுமே பான்க்ஷியா தெரு அன்று வழக்கமான ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது.

திங்கள்கிழமை பிலிப்பா வென் வந்தார். உணர்வுச் சான்று மதிப்பீட்டாளர். வாயுவை அளக்கும் கருவி எங்கே என்று க்ளெனிஸ் கேட்டார். அது சரியாக அளக்கிறதா என்று பார்க்க அனுப்பப்பட்டு பதினான்கு மாதம் ஆகிறது, சரியாக அளக்காத கருவியோடு வருவது பாதுகாப்பல்ல என்றார் பிலிப்பா. அதற்குப் பதிலாக ஓர் அட்டை கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு வட்டம். சுரண்டி முகர்ந்தால் எரிவாயுவின் நாற்றம் வரும்.

“கேஸ் கணக்கு யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்ல,” என்றார் நோயல்.

“நல்லது. இதச் சுரண்டி மோந்து பாருங்க. என்ன வருது?”

“அட்ட வாசம்கூட வரல.”

“இப்ப அந்த மூட்டுக்கிட்ட மோந்து பாருங்க.” நோயல் குனிந்து, பால் டேங்கரைக் கழுவிய காலத்துப் பொறுப்போடு நீளமாக மூச்சிழுத்தார். “ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா?”

“ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டுலயும் ஒண்ணுமில்ல.”

‘ஒப்பீட்டு முகர்வில் வேறுபாடு இல்லை’ என்று பிலிப்பா எழுதிக்கொண்டார்.

“ஏம்மா, அவருக்கு மூக்கே கிடையாது!” என்றார் க்ளெனிஸ்.

பிலிப்பா நிமிர்ந்து நோயலின் முகத்தைப் பார்த்தார். “இருக்கே.”

“இருக்கு, வேல செய்யாது. எழுபத்தொம்பதுல ஒடைஞ்சது.”

“படிவத்துல மூக்கு உண்டா இல்லையான்னுதான் கேள்வி. வேல செய்யுதான்னு கேட்டா அது அவரோட அந்தரங்கம். நாங்க அப்படியெல்லாம் நுழைய மாட்டோம்.”

“என் மூக்கு வேல செய்யுது. நான் சொல்றேன், அழுகின முட்டை மாதிரி நாறுது. இங்க நிக்கிற உங்களுக்கும் நாறுது.”

“நீங்க துணைக் குடியிருப்பாளர், க்ளெனிஸ். உங்க உணர்வ நான் ரொம்ப மதிக்கிறேன். அதுக்குன்னு தனிக் கட்டமே இருக்கு.” கட்டத்தின் தலைப்பு ‘பிற உணர்ச்சிகள்’ என்றிருந்தது.

க்ளெனிஸ் உள்ளே போய் சோப்புத் தண்ணீரை எடுத்துவந்து மூட்டின் மேல் தெளித்தார். குமிழிகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. பிலிப்பா சட்டென்று முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“திரும்பிப் பாருங்க.”

“பாத்தா நான் சாட்சி ஆயிடுவேன். மதிப்பீட்டாளரும் சாட்சியும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. அது நேர்மையில்ல.” வேலியைப் பார்த்தபடியே சொன்னார். “மேலும் சோப்புல நுரை வர்றது சோப்போட குணம்.”

நோயல் கையொப்பமிட்டார். தனக்கு எந்த நாற்றமும் வரவில்லை என்பதுதான் அதில் எழுதியிருந்தது, அது உண்மையும்கூட. உண்மை எழுதிய தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை க்ளெனிஸ் ஆணையத்தின் வட்டார அலுவலகத்துக்குப் போனார். கூடத்தில் சுவரளவு பலகை ஒன்றில் விளக்கு எழுத்தில் ‘கசிவின்றி 997 நாட்கள்’ என்று எரிந்துகொண்டிருந்தது. வட்டார இயக்குநர் மால்கம் எலிங்சன் அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, கதவையும் சாத்தினார். அன்பான மனிதர். பேசும்போது கைகளை விரித்துக் காட்டுவார், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல.

“க்ளெனிஸ், உங்ககிட்ட மனசு விட்டே பேசறேன். மொத வருஷம் நாங்க கசிவத் தேடினோம். தேடத் தேடக் கெடைச்சுது. முந்நூத்திப் பன்னண்டு. மேல இருக்கறவங்க கேட்டாங்க, ‘நீங்க போறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தாக்குல ஒரு கசிவும் பதிவாகல, நீங்க போன ஒடனே முந்நூத்திப் பன்னண்டா?’ன்னு. நியாயமான கேள்விதானே? ஒக்காந்து யோசிச்சோம். ரெண்டு நாள் கருத்தரங்கு, ஏரிக்கரையில. அப்பதான் புரிஞ்சுது. கசிவு குழாயில நடக்கிறதில்ல. பதிவேட்டுல நடக்குது. குழாயில நடக்கிறது வெறும் வாயு.”

“அந்த வெறும் வாயுதான் என் ஜன்னலுக்குக் கீழ நிக்குது.”

“நீங்க பாதுகாப்பா இருக்கீங்களான்னு எங்களால அளக்க முடியாது, அது பெரிய விஷயம். பாதுகாப்பா உணர்றீங்களான்னு அளக்கலாம். இந்தப் பள்ளத்தாக்குல தொண்ணூத்தெட்டு சதவீதம் பேர் உணர்றாங்க. உணராதவங்கள நாங்க கைவிடல.” ஒரு துண்டுப்பிரசுரத்தை நகர்த்தி வைத்தார். பதற்றத்தைச் சமாளிக்கும் மூச்சுப்பயிற்சி. ஆழமாக உள்ளிழுக்கச் சொல்லியிருந்தது.

“மால்கம், அரைச் சுத்து. உங்க ஆளு ஒருத்தன் வந்து சீல ஒடைச்சு அரைச் சுத்து திருகினா முடிஞ்சுது. நான் யார்கிட்டயும் வாயத் தெறக்க மாட்டேன்.”

“ஆளு வந்தா பணி ஆணை வேணும். பணி ஆணைன்னா காரணம் வேணும். காரணம்னு கசிவு எழுதினா...” கூடத்துப் பலகைப் பக்கம் தலையை ஆட்டினார். “எரநூத்தி நாப்பது பேரோட உழைப்பு அது. அவங்க முகத்தப் பாத்து நான் பூஜ்யம்னு சொல்லணுமா?”

க்ளெனிஸ் எழுந்தார். அப்போதுதான் எலிங்சன் கோப்பை மறுபடியும் பார்த்தார். கண்கள் விரிந்தன.

“ஒரு நிமிஷம். உங்க வீட்டு முனையில நிஜமாவே அடுப்பு மாட்டியிருக்கா?”

“மாட்டியிருக்கு. பத்தவெக்கத்தான் முடியல.”

“எங்க திட்டத்துல அடுப்பு மாட்டின ஒரே வீடு! வெள்ளிக்கிழமை ஆயிரமாவது நாள். விழாவ உங்க கொல்லையிலயே வெச்சுக்கலாமா?”

க்ளெனிஸ் யோசித்தார். இருபது முப்பது பேர் வருவார்கள், அத்தனை பேருக்கும் மூக்கு இருக்கும். ஒருவராவது சொல்லித்தானே ஆகவேண்டும். சரி என்றார். வீட்டுக்குப் போனதும் ஸ்டாவ்ரோஸையும் கூப்பிட்டார், கையோடு ஸ்பேனரையும் கொண்டுவரச் சொல்லி. சீலை அவர்களே உடைத்துக் கொடுத்தால் திருக ஆள் இருக்கட்டும் என்றுதான்.

வெள்ளிக்கிழமை இருபத்தாறு பேர் வந்தார்கள். கூம்புகளை எண்ணவில்லை. பாதுகாப்புப் பகிர்வு நாற்பது நிமிடம் நடந்தது. ஒருவர் தன் பூனை மாடியிலிருந்து விழாததைப் பகிர்ந்துகொண்டார். ஆணையத்தின் விழாக்களில் திறந்த சுடர் கூடாது என்பது விதி. ஆகவே சாசேஜும் வெங்காயமும், நோயலின் நாலு பர்னர் அடுப்புக்கு முன்னால் மேசை போட்டு, மின்சாரத் தட்டில் வாட்டப்பட்டன.

நாற்றம் இருந்தது. எட்டாம் நாள், காற்றில்லாத குளிர்காலப் பகல். மூட்டுக்கு அருகில் வந்த ஒவ்வொருவரும் ஒரு கணம் நின்றார்கள். முகம் மாறியது, சுற்றிலும் பார்த்தார்கள், மற்றவர் முகமும் மாறியிருப்பதைக் கண்டதும் காகிதத் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். “சாக்கடையா இருக்கும்,” என்றார் ஒருவர். “வாட்டில் மரம் பூக்கற சீசன்ல, மகரந்தத்தால சில பேருக்கு மூக்குல இப்படி இருக்கும்,” என்றார் பிலிப்பா. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பேச்சினூடே ஓரடி, சிரிப்பினூடே ஓரடி என்று நகர்ந்து, கால் மணி நேரத்தில் இருபத்தாறு பேரும் முன்வேலியோரம் போய் நின்று, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி தின்றுகொண்டிருந்தார்கள். பின்படியில் நோயல் மட்டும் உட்கார்ந்து சாசேஜ் தின்றார். ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

பிறகு புகைப்படம். எலிங்சன் அடுப்பருகே நிற்பதுபோல் ஒரு படம் வேண்டியிருந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பதுபோல் பொத்திக்கொண்டு வந்து நின்றார். படம் செத்தமாதிரி இருக்கிறது என்றார் புகைப்படக்காரர். ‘அடையாளச் சுடர்’ ஒன்றுக்கு இரண்டு நிலைகளில் ஒப்புதல் வாங்கிவைத்திருந்தார்கள். ரோட்னி நீளமான லைட்டரை நெகிழியுறையிலிருந்து எடுத்து எலிங்சனிடம் கொடுத்தார்.

“ஒரு சின்ன க்ளிக் மட்டும் போதும், மால்கம். மூணு எண்ணறேன்.”

க்ளெனிஸ் குறுக்கே வந்து நின்றார்.

“அதக் கீழ போடு.”

“க்ளெனிஸ், இது அடையாளம்தான்...”

“அந்தக் கைய எறக்கு, மால்கம். எறக்குய்யா! ஒனக்கு நாத்தம் தெரியும். தெரிஞ்சுதானே மூக்கப் பொத்திக்கிட்டு வந்த?”

எலிங்சனின் கை இறங்கவில்லை. படம் எடுப்பதா வேண்டாமா என்று யாராவது தீர்மானிப்பார்கள் என்று காத்திருப்பதுபோல் அப்படியே நின்றது. அவர்களுக்குப் பின்னால் ஸ்டாவ்ரோஸ் மூட்டருகே முழங்காலிட்டார். கம்பி அறுந்தது. நட்டைப் பிடித்து அரைச் சுற்று திருகினார். சோப்புத் தண்ணீரைத் தெளித்தார், காத்திருந்தார், மறுபடி தெளித்தார். குமிழி வரவில்லை.

“முடிஞ்சுது,” என்றார். “இப்ப வேணும்னா ஊரையே பத்தவை.”

முன்வேலியிலிருந்து எல்லாரும் திரும்பி ஓடிவந்தார்கள். ஒரு வாரமாக ஒன்றையும் பார்க்காத, ஒன்றையும் முகராத ஆணையம், உடைந்து கிடந்த மஞ்சள் சீலை மட்டும் உடனே பார்த்தது. எட்டுப் பேர் படம் எடுத்தார்கள். பிலிப்பா அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டார்.

விசாரணை அடுத்த மாதம். மூன்று பேர் கொண்ட குழு, எலிங்சன் தலைமை. வருந்தத்தக்க நாள் என்று தொடங்கினார்.

“ஸ்டாவ்ரோஸ், கசிவ அடைச்சதுக்காக ஒங்களத் தண்டிக்கறோம்னு வெளிய பேசறாங்க. அது அபாண்டம். கசிவே இல்லையே. இல்லாத கசிவ அடைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான்.”

“குமிழி வந்தது. நானும் பாத்தேன், அந்தம்மாவும் பாத்தாங்க. நான் திருகினதும் நின்னுது. அரைச் சுத்து.”

“அரைச் சுத்துன்னு உறுதியா சொல்றீங்களா?”

“முப்பத்தி நாலு வருஷமா திருகறேன். அரைச் சுத்துதான்.”

‘அரைச் சுற்று’ என்று செயலர் எழுதிக்கொண்டார். பிறகு கணக்குக்கு உரியவரான நோயலை எழுந்து நிற்கச் சொன்னார்கள். திருகுவதற்கு முன் நாற்றம் வந்ததா? வரவில்லை. திருகிய பின்? வரவில்லை. ஆக, அந்தச் செயலால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை?

நோயல் மனைவியைப் பார்த்தார், ஸ்டாவ்ரோஸைப் பார்த்தார். “என்னைய ஏன்யா கேக்கறீங்க? எனக்கு மூக்கு செத்து நாப்பத்தஞ்சு வருஷமாச்சு. என் பொண்டாட்டி எட்டு நாள் தூங்கல. அதக் கேளுங்களேன்.”

அது பிற உணர்ச்சிகளின் கீழ் பதிவானது. ஸ்டாவ்ரோஸின் உரிமம் ஆறு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. தீர்ப்பின் கடைசிப் பத்தியில், மேற்படி மூட்டு அனுமதியின்றி மாற்றப்பட்டிருப்பதால் அது ஒப்புதல் பெற்ற பழைய நிலைக்குத் திரும்பக் கொண்டுவரப்படும் என்றிருந்தது. க்ளெனிஸ் அதை வாகன நிறுத்தத்தில் நின்று இரண்டு முறை படித்தார். ஸ்டாவ்ரோஸிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“எந்த சைஸ் ஸ்பேனர்?” என்று கேட்டார் க்ளெனிஸ்.

“நீ கேக்கல, நான் சொல்லல.” தன் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். “கடிகாரம் சுத்தற பக்கம். அரைச் சுத்துக்கு மேல போகாத, மரை போயிடும். சோப்பு போட்டுப் பாக்காம வராத.”

புதன்கிழமை ரோட்னி வந்தார். இந்தமுறை பணி ஆணை இருந்தது. கூம்பு வைத்தார், பகிர்ந்தார், முழங்கால் கவசத்தைச் சரிசெய்துகொண்டார். தீர்ப்பின் நகலை விரித்து வைத்து, நட்டில் பென்சிலால் கோடு போட்டு, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கம் துல்லியமாக அரைச் சுற்று தளர்த்தினார். சீறல் கேட்டது. புதுக் கம்பி கட்டி, புதுச் சீல் வைத்தார். அவர் கண்களில் நீர் வந்திருந்தது.

“நாறுதா ரோட்னி?”

“நான் பதில் சொல்ற பதவில இல்லீங்க.”

“பதவியக் கேக்கல. மூக்கக் கேட்டேன்.”

ரோட்னி நோயலிடம் கையொப்பம் வாங்கினார். கூம்புகளை அடுக்கினார். வண்டியில் ஏறப் போனவர் நின்று, யாரையும் பார்க்காமல், “ஜன்னல மூடி வெச்சுக்குங்க,” என்றார். பிறகு போனார்.

வண்டி தெருமுனை திரும்புமுன் க்ளெனிஸ் ஸ்பேனரோடு மூட்டருகே இருந்தார். சீல் நினைத்ததைவிட எளிதாக அறுந்தது. அரைச் சுற்று. சோப்பு. குமிழி இல்லை. இன்னொரு தடவை சோப்பு. இல்லை.

எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வேலிக்கு அப்பால் பார்வை போனது. அடுத்த வீட்டுப் பின்சுவரில் அதே முனை, அதே மஞ்சள் சீல். அதே ஆட்கள் ஒரே நாளில் பொருத்தியது. அதற்கடுத்த வீட்டிலும்.

“ப்ரான்!” என்று வேலிக்கு மேலாகக் கத்தினார். “ப்ரான்வின்! அடுப்புல ஏதாவது எரியுதா?”

“டீ போடறேன். ஏன்?”

“அணைச்சிட்டுக் கதவத் தெற. வர்றேன்.”

மீதி பத்து வீட்டில் எட்டில் ஆள் இருந்தார்கள். எட்டில் ஐந்தில் குமிழி வந்தது. ஐந்தையும் திருகினார். ஆள் இல்லாமல், கொல்லைக் கதவும் பூட்டியிருந்த இரண்டு வீட்டின் முன்கதவிலும் காகிதம் ஒட்டிவிட்டு வந்தார். கொட்டை எழுத்தில், கோணலாக எழுதியிருந்தது: ‘வந்ததும் விளக்கக்கூடப் போடாதீங்க. நேரா எங்க வீட்டுக்கு வாங்க. க்ளெனிஸ், ஒம்பதாம் நம்பர்.’